லயத்துப் பரணை எப்படிக் காலி செய்வது?

மேட்டுலயம் (பொகவந்தலாவை)

எல்லோருக்கும் வணக்கம். நான் இங்கே பெரும்பாலும் வாசித்துவிட்டுப் போகிறவள். இன்று உதவி கேட்டு வந்திருக்கிறேன்.

அம்மா போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. ஏழு பேர்ச் காணியில் கட்டிய புதுவீட்டுச் சாவி போன மாதம் கைக்கு வந்தது. 550 சதுர அடி. இரண்டு அறை, ஒரு ஹோல், குசினி, வீட்டோடு சேர்ந்த கக்கூஸ். தை பிறந்ததும் பால் காய்ச்ச வேண்டும் என்று அண்ணன் நாள் பார்த்துவிட்டார். சந்தோஷம்தான். ஆனால் புதுவீட்டில் பரண் கிடையாது. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுதான் லயம். அந்த லயத்துக் காம்பராவில், ஒற்றை அறையில், நாங்கள் ஐந்து பேர் படுத்த இடத்துக்கு நேர் மேலே பலகை போட்டு, மூன்று தலைமுறைச் சாமானை ஏற்றி வைத்திருக்கிறோம். அடுப்புப் புகை பட்டு எல்லாம் ஒரே நிறத்தில் இருக்கிறது.

நேற்று ஏணி வைத்து ஏறினேன். தாத்தா இந்தியாவிலிருந்து தூக்கி வந்ததாகச் சொல்லும் தகரப்பெட்டி இருந்தது. அம்மாவின் கொழுந்துக்கூடை மூன்று, அதில் ஒன்றுக்கு அடி இல்லை. அப்பா தேயிலைச் செடி வெட்டிய கவ்வாத்துக் கத்தி சாக்குத் துணியில் சுற்றியபடியே கிடந்தது. பூச்சி அரித்த பாட்டியின் கம்பளி, இந்தியாவில் இருக்கும் கூடலூர் அத்தை எழுதிய நீலக் கடிதங்கள் ஒரு கட்டு, பதினாலு சேலை, புகைப்படங்கள். பிஸ்கட் டின் மட்டும் பதினேழு. இரண்டு டின்னுக்குள் வேறு டின்களின் மூடிகள் இருந்தன, அந்த டின்கள் எங்கே என்று தெரியவில்லை. கீழே அம்மியும் ஆட்டுக்கல்லும் வேறு.

“ஒரு கிழமை பொறு, லொறி பேசுகிறேன், விற்கிறதை விற்போம், மிச்சத்தைக் கொளுத்திவிடு” என்கிறார் அண்ணன். நான் டின்னைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்துவிட்டு, இரவு பத்து மணிக்கு ஒரு மூடியைக்கூட எறியாமல் இறங்கினேன். எறிய மனம் வராதவர்கள் இதை எப்படிச் செய்தீர்கள்? பாடசாலை விட்டு வந்தால் எனக்கு மாலையில் ஒரு மணி நேரம்தான் கிடைக்கும்.

வெள்ளவத்தைவாசி (கொழும்பு, பிறந்தது லிந்துலை)

அக்கா, மெல்ல மெல்லச் செய்தால் ஒருநாளும் முடியாது. ஜப்பானில் மாரி கொண்டோ என்று ஒருவர் இருக்கிறார். ஒரே வகைச் சாமானையெல்லாம் ஒரே இடத்தில் குவிக்கச் சொல்கிறார். பிறகு ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, சந்தோஷம் தருகிறதா என்று பார்க்க வேண்டும். தராததற்கு நன்றி சொல்லி அனுப்பிவிட வேண்டும், அவ்வளவுதான். நான் என் ஃப்ளாட்டை இரண்டே நாளில் முடித்தேன். எட்டுப் பை வெளியே போனது.

ஓய்வுபெற்ற கிளாக்கர் (தலவாக்கலை)

தம்பி, குவிக்க இடம் வேண்டாமா? பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் குவித்தால் ஆட்கள் இஸ்தோப்பில், அதாவது வாசல் திண்ணையில்தான் படுக்க வேண்டும். அதுவும் இந்த ஐப்பசி மழையில்!

ஆனால் அந்த ஜப்பான் அம்மா சொன்னதில் ஒன்று சரி. முதலில் துணி, பிறகு புத்தகம், கடதாசி, சில்லறைச் சாமான், மனசு ஒட்டிக்கொண்ட சாமான் எல்லாவற்றுக்கும் கடைசி என்று அவர் ஒரு வரிசை வைத்திருக்கிறார். மகள் முதல் நாளே அம்மாவின் டின்னில் கை வைத்தீர்கள், அதுதான் பிழை.

நம் ஆட்களுக்கு அந்த வரிசையையும் கொஞ்சம் மாற்ற வேண்டும். கடதாசிதான் முதலில். லொறி வருவதற்கு முன், அண்ணன் தீப்பெட்டி எடுப்பதற்கு முன், வீட்டில் உள்ள கடதாசி எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் போடுங்கள். மலையகத்தில் ஒரு கடதாசியை எறிவதற்கு முன் மூன்று தரம் வாசிக்க வேண்டும். 1948இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவர்களாக்கியது. அடுத்த வருஷம் 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் வந்து, அதன்கீழ் கட்டுக்கட்டாக விண்ணப்பம் போட்டோம். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று பிரித்தார்கள். அப்போது தள்ளி வைத்த 1,50,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பங்கு போட்டார்கள். கடைசியில் 2003இல் ஒரு சட்டம் வந்தது. 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கேயே நிரந்தரமாக இருந்த இந்திய வம்சாவளியினரும் அவர்கள் வழி வந்தவர்களும் பிரஜைகள் என்றார்கள். இத்தனை கட்டத்துக்கும் ஒவ்வொரு துண்டுக் கடதாசி உங்கள் வீட்டுக்குள் வந்திருக்கும். அது இருக்குமிடம் பிஸ்கட் டின்தான்.

என் சித்தப்பா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். தீபாவளிக்கு வெள்ளையடிக்கும்போது பழைய கடதாசிக் கட்டு ஒன்றைத் தூக்கி அடுப்பில் வைத்துவிட்டார்கள். தாத்தாவின் பிரஜாவுரிமைச் சான்றிதழ் அதற்குள் இருந்தது. பிறகு ஒரு பிள்ளையின் அடையாள அட்டைக்காக ஓர் அலுவலகத்துக்கு ஏழு தரம் ஏறி இறங்கினார்கள். எரிந்துவிட்டது என்றால் யார் நம்புகிறார்கள்?

அம்மாவின் சம்பளத்தில் பிடித்துச் சேர்த்த சேமலாப நிதியின் அங்கத்துவ இலக்கம் எந்தத் துண்டில் இருந்தாலும் எடுத்து வையுங்கள். எடுக்காமல் விட்ட பணம் கிடக்கிறதா என்று விசாரிக்க அந்த இலக்கம் வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக் கடதாசிக்கும் இதேதான். கணக்கெல்லாம் தீர்ந்தது என்று உறுதியானால் சம்பளத் துண்டில் வருஷத்துக்கு ஒன்று வைத்துக்கொண்டு மிச்சத்தை விடலாம். இன்னொன்று, பழைய சான்றிதழை லெமினேட் பண்ணாதீர்கள். ஒருதரம் ஒட்டினால் ஒட்டியதுதான், பிறகு பிரித்தெடுக்க முடியாது.

மேட்டுலயம்

கிளாக்கர் ஐயா, நீங்கள் சொன்னபடியே கடதாசிக்கு மட்டும் ஒரு பெட்டி வைத்தேன். நாலு மாலையில் பதினொரு டின் முடிந்தது. அம்மாவின் சேமலாப நிதி இலக்கம் கிடைத்தது. என் ஐந்தாம் வகுப்பு ரிப்போட்டும் கிடைத்தது, கணக்குப் புள்ளியை இங்கே சொல்ல மாட்டேன்.

ஆறாவது டின்னில் பாட்டியின் பெயரில் ஓர் இந்தியப் பாஸ்போர்ட் இருந்தது. 1982இல் எடுத்தது. ஒருதரம்கூடப் பாவிக்கவில்லை. அத்தை குடும்பம் முதலில் போயிருக்கிறது, பாட்டி பின்னால் போவதாக ஏற்பாடு இருந்திருக்கும் போல. அதற்குள் நாட்டில் சண்டை தொடங்கி, இந்தியாவுக்குப் போகும் தலைமன்னார்க் கப்பலும் நின்றுவிட்டது. இதைப் பற்றி அம்மா ஒரு வார்த்தை சொன்னதில்லை. கப்பல் நின்றதால் தப்பினோமா, மாட்டிக்கொண்டோமா என்று நேற்று இரவெல்லாம் யோசனை. இதை எந்தப் பக்கம் போடுவது என்று தயவுசெய்து யாரும் கேட்காதீர்கள்.

ஸ்டூடியோக்காரன் (ஹட்டன்)

பாஸ்போர்ட்டைத் தகரப்பெட்டிக்குள் வையுங்கள் அக்கா, விவாதமே வேண்டாம்.

நான் புகைப்படத்துக்கு வருகிறேன், அதுதான் என் தொழில். எங்கள் பக்கத்து ஈரத்தில் படத்தைக் கொல்வது மூன்று சாமான்: பொலித்தீன் பை, வெளிச்சுவர், பசை அட்டை ஆல்பம். பொலித்தீனுக்குள் ஈரம் மாட்டிக்கொண்டால் பூஞ்சணம் உள்ளேயே வளரும். மழை பக்கத்துச் சுவரில் மாட்டிய படம் சட்டத்துக்குள்ளேயே கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டியிருந்தால் இழுக்கவே கூடாது. இழுத்தால் முகம் கண்ணாடியில் இருக்கும், வெள்ளைக் கடதாசி உங்கள் கையில் இருக்கும். கண்ணாடியோடு அப்படியே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளில் எல்லாக் கல்யாண வீட்டிலும் வாங்கினோமே, மேலே பிளாஸ்டிக் தாள் மூடிய பசை அட்டை ஆல்பம், அது பெரிய துரோகி. பல்லிடுக்கில் விடும் நூல் பார்மசியில் கிடைக்கும். அதைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவில் விட்டு அறுப்பது போல மெதுவாக இழுத்தால் படம் கழன்று வரும். வராவிட்டால் விடுங்கள், பக்கத்தோடு படம் எடுங்கள்.

புகை படிந்ததை ஈரத்துணியால் துடைக்காதீர்கள். காய்ந்த மென்மையான பிரஷ் போதும். போனில் எடுப்பதென்றால் ஃப்ளாஷ் வேண்டாம். மப்பான நாளில் ஜன்னலுக்குப் பக்கத்தில் மேசையில் வைத்து நேர் மேலேயிருந்து எடுங்கள். மப்பு நமக்குக் குறைவா என்ன? படத்தின் பின்னால் பெயர் எழுதப் பென்சில் பாவியுங்கள். பேனை மை முன்பக்கம் ஊறும்.

இதையெல்லாம் விட அவசரமானது ஒன்று. லயத்தில் வயதில் மூத்தவர் யார் இருக்கிறாரோ அவரிடம் படங்களை முதலில் கொண்டு போங்கள். “இது யார், இது யார்” என்று கேட்டு எழுதுங்கள். கடையில் பழைய படம் பெரிதாக்கக் கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு நடுவில் நிற்பவரின் பெயர் தெரியாது. பெயர் தெரியாத படம் இருபதில் நல்லதாக இரண்டை வைத்துக்கொண்டு மற்றதை விடலாம். மலை மலையாகப் பூ மட்டும் எடுத்த படமும், ஒரே ஆளின் ஒரே சிரிப்பு ஆறு பிரதியும் வைத்திருப்பதில் அர்த்தமில்லை.

ராகலை அக்கா (ராகலை)

சேலையைப் பற்றி யாரும் பேசவில்லையே. எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது.

எங்கள் அம்மா போனதும் கருமாதி முடிந்த கையோடு பெரியம்மா எல்லாச் சேலையையும் எடுத்து லயத்துப் பொம்பிளைகளுக்குக் கொடுத்துவிட்டார். நான் தடுக்கவில்லை, அழுதுகொண்டிருந்தேன். மூன்று மாதம் கழித்துத் தண்ணீர் பிடிக்கப் பீலிக்கரைக்குப் போகிறேன், எனக்கு முன்னால் அம்மாவின் பச்சைச் சேலை நடந்து போகிறது. அந்த நடையும் ஏறக்குறைய அம்மா நடைதான், எல்லோரும் அதே மேட்டில் ஏறி இறங்கிய கால்கள் தானே. குடத்தை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்த அக்காவோடு ஒரு வருஷம் சரியாகப் பேசவில்லை. பாவம், அவருக்குக் காரணமே தெரியாது.

அதனால் சொல்கிறேன்: கொடுங்கள், ஆனால் கண்ணில் படாத தூரத்துக்குக் கொடுங்கள். வேறு தோட்டத்துக்கோ கோயில் மூலமாகவோ கொடுக்கலாம். நூல் சேலையில் இரண்டை வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் குழந்தை வந்தால் தூளி கட்ட அதைவிட நல்ல துணி கிடையாது. என் மகன் அப்படித்தான் அம்மாச்சி சேலையில் தூங்கினான். கட்டிக் கிழிந்த சேலைகளைக் கத்தரித்து நாலடுக்காக வைத்துப் போர்வை தைத்தேன். நுவரெலியாக் குளிருக்குத் தனியாகப் போதாது, ஆனால் கம்பளிக்குக் கீழே போட்டுக்கொள்ளலாம்.

பசறைப் பையன் (பசறை)

எல்லோரும் சேலைக்கும் போட்டோவுக்கும் உருகுகிறீர்கள், சரி. அந்தக் கூடையை மட்டும் எரியுங்கள் அக்கா. கைகூப்பிக் கேட்கிறேன். நம் தாய்மார் முதுகில் ஏற்றிய சுமைக்கு நாமே மாலை போடுவதா? எங்கள் பக்கம் ஒரு ஹோட்டல் வரவேற்பறையில் கொழுந்துக்கூடையில் பூ வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் வெள்ளைக்காரர் நின்று படம் எடுக்கிறார். பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் ஒவ்வொரு நிறுவையிலும் கிலோக் கழித்தார்களே, அந்தத் தராசையும் ஹோலில் மாட்டி வைப்பீர்களா?

புசல்லாவைச் சேர் (புசல்லாவை)

மாட்டி வைக்கத்தான் வேண்டும் தம்பி. நீங்கள் சொன்ன கதையோடு சேர்த்து மாட்ட வேண்டும். கூடையை எரித்துவிட்டால் ஹோட்டல்காரர் கூடை மட்டும்தான் மிஞ்சும்.

கம்பளைப் பக்கம் பீக்கொக் தோட்டத்தில் பழைய லயம் ஒன்றையே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக மாற்றி வைத்திருக்கிறார்கள். அங்கே கூடை, கத்தி, விளக்கு, பாத்திரம் என்று எல்லாம் நம் வீட்டுச் சாமான்தான். கண்டி ஹந்தானையில் 1925இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்திலும் ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. அது பெரும்பாலும் இயந்திரங்களின் கதை, துரைமார் காலத்துக் கதை. இரண்டையும் பிள்ளைகளுக்கு ஒரே வாரத்தில் காட்டுங்கள், வித்தியாசம் அவர்களுக்கே புரியும். கடிதம், சங்க நோட்டீஸ், விழா மலர், கையெழுத்துக் கொப்பி போன்றவற்றுக்கு நூலகம் நிறுவனம் இருக்கிறது. 2005 முதல் தமிழ் ஆவணங்களை ஸ்கேன் செய்து இணையத்தில் போடுகிறார்கள்.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். அருங்காட்சியகம் என்பது நம் வீட்டுப் பரண் அல்ல. மூட்டையாகக் கட்டி வாசலில் இறக்காதீர்கள். முதலில் படம் எடுத்து அனுப்பிக் கேளுங்கள். யாருடையது, எந்தத் தோட்டம், எந்தக் காலம் என்று ஒரு பக்கம் எழுதிச் சேர்த்துக் கொடுங்கள்.

பசறைப் பையன்

நீங்கள் கடைசியில் என் வாயை அடைத்துவிடுவீர்கள் சேர். ஆனால் என் வீட்டில் வைக்க மாட்டேன்.

மேட்டுலயம்

சண்டை வேண்டாம் தம்பி, நீங்கள் கோபப்பட்டதில் ஒரு பிழையும் இல்லை. அம்மாவின் உச்சியில் ஒரு விரல் அகலத்துக்கு முடி இருக்காது, கூடைக் கயிறு பட்டுப் பட்டுப் போனது. எண்ணெய் தேய்க்கும்போது என் விரல் அந்தக் கோட்டிலேயே போகும். கூடையைப் பார்த்தால் எனக்கு அதுதான் வருகிறது. அதனால் பரணில் வைக்கவும் முடியவில்லை, எரிக்கவும் முடியவில்லை.

பூனாகலை (கொஸ்லாந்தை)

சின்னதாக ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன்.

2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியபெத்தையில் மண்சரிந்து மலை இறங்கியது. மாமா வீடு அந்த லயத்தில் இருந்தது. மாமா அன்று வெளியே போயிருந்ததால் இருக்கிறார். அவரிடம் இப்போது பழைய சாமான் என்று இருப்பது உடுத்தியிருந்த சாரமும் ஒரு பெரிய குடையும்தான். எதை வைப்பது, எதை விடுவது என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. குடைத் துணி கிழிந்துவிட்டது, கம்பியை மட்டும் இன்னும் வைத்திருக்கிறார்.

அக்கா, புதுவீட்டில் கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடியுங்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி, வங்கிப் புத்தகம், மருந்துத் துண்டு எல்லாம் தண்ணீர் புகாத ஒரு பையில் போட்டு அதில் மாட்டுங்கள். எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து ஊருக்கு வெளியே இருக்கும் ஓர் ஆளுக்கும் அனுப்பி வையுங்கள். சரிவில் இருக்கிறவர்கள் மழை அறிவித்தல் வந்தால் பரணைப் பார்க்காமல் அந்தப் பையை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும்.

வெள்ளவத்தைவாசி

இதை வாசித்த பிறகு என் எட்டுப் பைக் கதையைச் சொன்னதற்கு வெட்கமாக இருக்கிறது.

டயகமப் பாட்டி (டயகம)

பாட்டி சொல்லச் சொல்லப் பேத்தி நான் எழுதுகிறேன்.

“மகளே, நான் லயத்தை விட்டு வந்து நாலு வருஷம். எனக்கு எழுபத்தாறு வயசு. மகன்மார் ஒரே நாளில் முடிக்கிறோம் என்றார்கள். நான் விடவில்லை. பழைய சோற்றுப் பானையைக் கழுவுகிறதுக்கே ஊற வைக்கிறோம், இதுக்கு ஊற வைக்க வேண்டாமா?

ஒரு நாளைக்கு ஒரு டின், அவ்வளவுதான் செய்தேன். விளக்கு வைத்த பிறகு தொடவே மாட்டேன், இருட்டில் எல்லாச் சாமானும் அழுகிற மாதிரிதான் தெரியும். காலையில் தேத்தண்ணி குடித்துவிட்டு வெளிச்சத்தில் பார்த்தால் அது வெறும் மூடி போத்தல். வேண்டுமா, வேண்டாமா என்று தெரியாததை ஒரு சாக்கில் போட்டு வாய் கட்டினேன். அடுத்த பொங்கல் வரைக்கும் அவிழ்க்கவில்லை. பொங்கலுக்கு அவிழ்ப்பதற்கு முன் உள்ளே என்ன இருக்கிறது என்று ஞாபகப்படுத்திப் பார்த்தேன். மூன்று சாமான்தான் ஞாபகம் வந்தது. அந்த மூன்றை எடுத்துக்கொண்டேன். மிச்சத்தை மருமகள் பார்த்துக்கொண்டாள், எங்கே போனது என்று நான் கேட்கவில்லை.

இன்னொன்று. பித்தளை, வெண்கலத்தை இரும்பு வாங்கும் லொறிக்காரனுக்கு அவன் வந்த அன்றைக்கே கொடுக்காதே. நிறுவையில் போட்டால் உன் அம்மா செம்பும் ஒன்றுதான், உடைந்த பைப்பும் ஒன்றுதான். அடுத்த முறை வா என்று சொல்லு. அதற்குள் மனசு மாறாவிட்டால் கொடு.

அண்ணனோடு சண்டை போடாதே. ஆளுக்கு ஒரு சாமான் எடுக்கச் சொல்லு, அவனை முதலில் எடுக்கச் சொல்லு. கொளுத்து என்கிறவன்தான் உள்ளுக்குள் பயந்தவன்.”

(பேத்தி: பாட்டி சொல்லாமல் விட்டது ஒன்று. அந்த மூன்றில் ஒன்று தாத்தாவின் பொய்ப்பல்.)

ஸ்டூடியோக்காரன்

பாட்டிக்கு ஒரு பெரிய கும்பிடு. அந்தச் சாக்கு யோசனையை நான் கடைக்கே பாவிக்கப் போகிறேன்.

மவுசாக்கலை (மஸ்கெலியா)

விஷயத்துக்குக் கொஞ்சம் வெளியே போகிறேன், மன்னிக்கவும். எங்கள் பழைய மஸ்கெலியா நகரம் மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்குக் கீழே இருக்கிறது. அணை கட்டியபோது எல்லோரும் மேலே புது ஊருக்கு வந்துவிட்டார்கள். தண்ணீர் நன்றாக வற்றிய வருஷங்களில் பழைய கோயில் தலை காட்டும். அப்போது ஊரே இறங்கிப் போய்ப் பார்க்கும். எங்கள் அப்பா ஒரு முறை என்னைக் கூட்டிப் போய், சேற்றில் கம்பால் கோடு போட்டு, இது கடைவீதி, இது நான் மிட்டாய் வாங்கிய கடை என்று காட்டினார். அங்கே ஒன்றுமே இல்லை. அவர் ஒரு கல்லைக்கூட எடுத்து வரவில்லை. எனக்குத்தான் எடுத்து வர ஆசையாக இருந்தது.

மேட்டுலயம்

ஆறு கிழமை கழித்து எழுதுகிறேன். மார்கழி வந்துவிட்டது, பரணில் பாதிக்கு மேல் பலகை தெரிகிறது.

பிஸ்கட் டின் பதினேழில் மூன்றை வைத்திருக்கிறேன்: ஒன்றில் ஊசி நூல், ஒன்றில் படங்கள், ஒன்றில் அம்மா வைத்திருந்தது போலவே ஒன்றுமில்லை. படங்களோடு ஐந்தாம் நம்பர் லயத்து அப்பாயி வீட்டுக்கு மூன்று ஞாயிறு போனேன். நாற்பத்திரண்டு முகங்களுக்குப் பெயர் கிடைத்தது. ஒன்பது பேரை அவருக்கும் தெரியவில்லை. ஒருவரை மட்டும் “இவனை எனக்குத் தெரியாது” என்று இரண்டு தரம் சொன்னார், கொஞ்சம் வேகமாகச் சொன்னார். நானும் மேலே கேட்கவில்லை.

சேலையில் எட்டை வட்டவளைப் பக்கத்துக் கோயிலுக்குக் கொடுத்தேன், ராகலை அக்கா சொன்ன தூரத்துக்கு. இரண்டு தூளிக்கு, மூன்று போர்வைக்கு, ஒன்று படையலுக்கு. கம்பளியைக் காப்பாற்ற முடியவில்லை. உதறியபோது பாதி தூளாகக் கொட்டியது. முனையில் ஒரு சாண் துணியை வெட்டி எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தேயிலைக்குக் கீழே புதைத்தேன். எரித்திருக்கலாம், ஆனால் குளிருக்குப் போர்த்தியதை நெருப்பில் போடக் கை வரவில்லை.

கடிதங்கள்தான் நான் எதிர்பார்க்காத இடத்துக்குப் போயின. கூடலூர் அத்தைக்கு வட்ஸ்அப்பில் எடுத்து, அவர் எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்டினேன். 1985இல் ஒரு கடிதத்தில் “இங்கேயும் தேயிலைதான் அண்ணி, மலைதான் வேற” என்று எழுதியிருக்கிறார். அதைக் கேட்டுச் சிரித்தவர் பிறகு அழுதார். அப்புறம், “உங்க அம்மா எழுதினது எல்லாம் இங்கே ஒரு பையில் இருக்கு, பிள்ளைகள் எறியச் சொல்கிறார்கள்” என்றார். அம்மா கடிதம் எழுதுவார் என்பதே எனக்குத் தெரியாது. கையெழுத்துப் போடத் தயங்குவாரே! யாரையோ வைத்து எழுதியிருக்கிறார். அத்தை பேரன் ஒவ்வொன்றாகப் படம் எடுத்து அனுப்புகிறான். நான் அத்தை கடிதங்களைப் படம் எடுத்து அங்கே அனுப்புகிறேன். கேள்வி இங்கே இருக்கிறது, பதில் அங்கே இருக்கிறது. இப்போதைக்கு இரண்டையும் திகதிப்படி அடுக்கிக்கொண்டிருக்கிறேன். எறிவதைப் பற்றி யோசிக்கவில்லை.

அண்ணனை முதலில் எடுக்கச் சொன்னேன், பாட்டி சொன்னபடி. கவ்வாத்துக் கத்தியை எடுத்தார். எண்ணெய் போட்டுத் தீட்டிப் புதுவீட்டு வேலிக்குக் கிளை வெட்டுகிறார், மாட்டி வைக்கவில்லை.

கூடைகள். அடியில்லாத கூடை அடுப்புக்குப் போனது. ஒன்றைப் புசல்லாவைச் சேர் சொன்னபடி படம் எடுத்து, அம்மா பெயர், கொழுந்து பறித்த மலை நம்பர், உச்சிக் கோடு எல்லாம் எழுதிக் கேட்டிருக்கிறேன், பதில் வரட்டும். மூன்றாவதைப் பக்கத்து வீட்டு அக்கா, அடைகாக்கும் கோழிக்கு என்று கேட்டார். கொடுத்தேன். பசறைத் தம்பிக்குச் சொல்லவே ஆசை: இப்போது அதில் பதினொரு முட்டை இருக்கிறது.

தகரப்பெட்டி வருகிறது. அதற்குள் அடங்குவதுதான் கணக்கு, மூடி மூட வேண்டும். பாட்டியின் பாஸ்போர்ட் அடியில் இருக்கிறது.

பாக்கி இருப்பது அம்மிதான். புதுவீட்டுக்கு லொறி போகாது, ரோட்டிலிருந்து அறுபது படி ஏற வேண்டும். அண்ணன் மிக்ஸி வாங்கித் தருகிறேன் என்கிறார். யாராவது அம்மி ஏற்றியிருக்கிறீர்களா?

பசறைப் பையன்

பதினொன்றா! குஞ்சு பொரித்ததும் படம் போடுங்கள் அக்கா.

ஓய்வுபெற்ற கிளாக்கர்

குழவியை முதலில் தனியாகக் கொண்டு போங்கள், அது உருண்டால் கால் போகும். அம்மியை இரட்டைச் சாக்கில் போட்டு, வாயை நன்றாகக் கட்டி, நடுவில் ஒரு சவுக்குக் கம்பு விட்டு முன்னும் பின்னும் இரண்டு பேர் தோளில் வைத்தால் ஏறலாம். உயரமானவர் கீழ்ப்படியில் இருக்கட்டும். பத்துப் படிக்கு ஒரு தரம் இறக்குங்கள். படி நனைந்திருந்தால் அன்றைக்கு வேண்டாம், தையில் காயும்.

மேட்டுலயம்

உயரமானவர் அண்ணன்தான். சொல்லிப் பார்க்கிறேன்.